வெள்ளிக் காசுக்குப் பெயர் வைத்தது யார்?

ஐரோப்பாவின் பழைய வெள்ளிக் காசுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் யாரையும் முதலில் மிரட்டுவது பெயர்கள்தான். தெனாரியஸ், டெனியே, குரோசோ, குரோஷன், கிரோட், டெஸ்டோன், குரோய்ட்சர், தாலர், ரியால், பெசோ, ரூபிள் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். ஒரே கண்டத்தில் இத்தனை காசுகளா என்று மலைப்பாக இருக்கும். உண்மையில் அவ்வளவு வகைகள் இல்லை. ஒரு காசு ஊர் மாறியபோதெல்லாம் புதுப் பெயர் வாங்கிக்கொண்டது. ஒரே பெயர் வெவ்வேறு காசுகளின் மேலும் போய் ஒட்டிக்கொண்டது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். இன்று நம் கையில் இருக்கும் பத்து ரூபாய் நாணயத்தை உருக்கினால் பத்து ரூபாய் கிடைக்காது. அதன் மதிப்பு அரசின் வாக்கில் இருக்கிறது, உலோகத்தில் இல்லை. பழைய வெள்ளிக் காசு இதற்கு நேர்மாறு. அதன் மதிப்பில் பெரும்பகுதி அதில் இருந்த வெள்ளிதான். அரசனின் முத்திரை என்பது 'இதில் இவ்வளவு எடை இருக்கிறது, இவ்வளவு சுத்தம்' என்று சொல்லும் உத்தரவாதம். அதனால் நல்ல வெள்ளிக் காசு நாட்டின் எல்லையில் நின்றுவிடவில்லை. யார் வெளியிட்டது என்று தெரியாத ஊரிலும் அது செல்லுபடியானது. அங்கே அதைக் கையில் வாங்கியவருக்கு அதன் மேலிருந்த லத்தீன் எழுத்துகள் புரியாது. கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அச்சடித்த அரசன் இட்ட பெயர் பெரும்பாலும் ஏட்டிலேயே தங்கிவிட்டது. வாங்கி விற்றவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பெயர்கள் ஒவ்வொன்றாக அவிழும்.

மிகப் பழைய பெயர்கள் எண்ணிக்கையிலிருந்து பிறந்தவை. கிரேக்கரின் திராக்மா என்றால் 'ஒரு கைப்பிடி'. காசு வருவதற்கு முன் இரும்புக் கம்பிகள் பணமாகப் புழங்கின, ஒரு கையால் பிடிக்கக்கூடிய ஆறு கம்பிகள் ஒரு திராக்மா என்று பழங்காலக் கிரேக்கர்களே விளக்கம் தந்திருக்கிறார்கள். ஏதென்ஸ் நகரம் லாரியன் சுரங்க வெள்ளியில் அடித்த நான்கு திராக்மா காசில் அத்தீனா தேவியின் ஆந்தை இருந்தது. மக்கள் அந்தக் காசை 'ஆந்தை' என்றே அழைத்தார்கள். திராக்மா கிழக்கே போய் அரபியில் திர்ஹம் ஆனது. அமீரகத்திலும் மொராக்கோவிலும் இன்றும் அதே பெயர்தான்.

ரோமின் தெனாரியஸ் கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜுடன் நடந்த இரண்டாம் போரின் நெருக்கடியில் வந்தது. 'பத்து பத்தாக' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆஸ் என்ற செப்புக்காசு பத்து சேர்ந்தால் ஒரு தெனாரியஸ். காசின் மேல் பத்தைக் குறிக்கும் ரோமானிய எண்ணையும் பொறித்தார்கள். சுமார் 70 ஆண்டுகள் கழித்துக் கணக்கை மாற்றி, ஒரு தெனாரியஸுக்கு 16 ஆஸ் என்று அறிவித்தார்கள். பெயர் மட்டும் 'பத்து' என்றே நின்றது. காசுப் பெயர்களில் இது அடிக்கடி நடக்கும்: கணக்கு மாறும், உலோகம் மாறும், பெயர் அசையாது.

தெனாரியஸ் நமக்கு அந்நியமான காசும் அல்ல. திராட்சைத் தோட்டத்து வேலையாட்களுக்கு ஒரு நாள் கூலியாகப் பேசப்பட்ட 'தெனாரியம்' விவிலியம் படித்தவர்களுக்குத் தெரியும். மிளகு வாங்க வந்த யவனர் கொண்டுவந்த தெனாரியஸ்கள் கொங்கு நாட்டில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இருவரின் காசுகளே அதிகம். கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தான். பின்னால் வந்தவர்கள் அதே வழியில் போய், மூன்றாம் நூற்றாண்டில் வெள்ளி முலாம் பூசிய செம்பு என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காசின் பெயர் மட்டும் சாகவில்லை. அரபியில் தினார், பிரெஞ்சில் டெனியே, ஸ்பானிய மொழியில் பணத்தையே குறிக்கும் தினேரோ எல்லாம் அதன் வாரிசுகள்தான். இதே ரோமில் காசு அடித்த இடம் ஜூனோ மொனேட்டா என்ற தேவியின் கோயிலை ஒட்டி இருந்தது. ஆங்கிலத்தின் 'மணி' என்ற சொல் அந்த மொனேட்டாவிலிருந்து வந்தது.

அடுத்த பெரிய திருப்பம் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பிராங்கிய அரசர் சார்லமேன் காலத்தில், கி.பி. 794ஐ ஒட்டி. ஒரு ராத்தல் வெள்ளியிலிருந்து 240 டெனியே அடிக்க வேண்டும் என்று அவர் வகுத்தார். ராத்தலுக்கு லத்தீனில் லிப்ரா. 12 டெனியே ஒரு சாலிடஸ், 20 சாலிடஸ் ஒரு லிப்ரா. நீண்ட காலம் உண்மையில் அச்சானது டெனியே மட்டும்தான். மற்ற இரண்டும் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருந்த பெயர்கள். இத்தாலியின் லிரா இந்த லிப்ராதான். பவுண்டு குறியீட்டில் தெரியும் எல் எழுத்தும் லிப்ராவின் முதலெழுத்து. பென்னியைச் சுருக்கி எழுத ஆங்கிலேயர் 1971 வரை 'டி' போட்டதற்குக் காரணம் தெனாரியஸ். பென்னி, ஷில்லிங், ஸ்டெர்லிங் ஆகிய சொற்களின் வேர் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அவற்றை விட்டுவிடலாம்.

டெனியே சிறிய காசு. சார்லமேன் காலத்தில் இரண்டு கிராமுக்கும் குறைவு. பிறகு வந்த பிரபுக்கள் ஆளுக்கொரு பட்டறை வைத்து அதையும் தேய்த்து, மெல்லிய தகடாக்கிவிட்டார்கள். வெனிஸ் வணிகருக்கு அது போதவில்லை. கப்பல் சரக்குக்கு இந்தத் தகடுகளை எண்ணிக் கொடுத்து முடியுமா? 1200ஐ ஒட்டி, என்ரிக்கோ தாந்தோலோ வெனிஸின் தலைவராக இருந்தபோது, நல்ல வெள்ளியில் தடித்த காசு ஒன்று வந்தது. பெயர் குரோசோ, அதாவது 'தடியன்'. எடை என்னவோ இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான். பக்கத்தில் இருந்தவை அவ்வளவு இளைத்திருந்ததால் இது தடியனாகத் தெரிந்திருக்கிறது.

இந்தத் தடியன் ஐரோப்பா முழுக்கப் பரவினான். 1266இல் பிரான்சில் ஒன்பதாம் லூயி அடித்தது குரோ. 1300இல் குட்னா ஹோரா சுரங்கத்து வெள்ளியைக் கொண்டு பொஹீமிய அரசர் இரண்டாம் வென்சஸ்லாஸ் அடித்தது பிராக் குரோஷன். இங்கிலாந்தில் நான்கு பென்னி மதிப்புள்ள கிரோட். போலந்தில் இன்றும் ஸ்லோட்டியின் நூறில் ஒரு பங்குக்கு குரோஷ் என்றுதான் பெயர். துருக்கியிலும் அதே கதை: அங்கே நூறு குருஷ் சேர்ந்தால் ஒரு லிரா. ஒரு சொல் தடியனிடமிருந்து, இன்னொன்று ரோமானிய ராத்தலிடமிருந்து.

சில பெயர்கள் காசின் மேல் இருந்த படத்தைப் பார்த்து வந்தவை. ஆல்ப்ஸ் மலைப் பகுதியான டைரோல் நாட்டு மெரானோவில் அடித்த சிறு காசில் இரட்டைச் சிலுவை இருந்தது, அதனால் குரோய்ட்சர். பிரான்சின் எக்கூ, இத்தாலியின் ஸ்கூதோ, போர்ச்சுகலின் எஸ்கூதோ மூன்றும் 'கேடயம்'. மிலானில் 1474இல் கலியாட்சோ மரியா ஸ்போர்சா தன் முகத்தை அச்சாகப் பொறித்து வெளியிட்ட கனமான காசு டெஸ்டோன். தலை என்று பொருள். இந்தத் தலைக் காசை இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி அடித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. போர்ச் செலவுக்காக வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினார்கள். மன்னர் முகம் நேராகப் பார்ப்பதுபோல் இருந்ததால், கைபட்டுத் தேயும்போது மேடாக நின்ற மூக்கில்தான் முதலில் செம்பு வெளியே தெரிந்தது. மன்னருக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'செம்பு மூக்கர்'.

இனி, இந்தக் கதையின் நாயகனுக்கு வருவோம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் டைரோலில் தங்கம் தட்டுப்பாடு, ஆனால் ஷ்வாட்ஸ் சுரங்கத்தில் வெள்ளி கொட்டிக் கிடந்தது. அங்கே ஆண்ட சிகிஸ்முண்ட் 1486இல் ஹால் நகரத்தில் ஒரு பெரிய வெள்ளிக் காசை அடித்தார். குல்டன் என்ற தங்கக் காசு ஒன்றின் மதிப்புக்கு ஈடான வெள்ளி முழுவதையும் ஒரே காசில் அடைத்ததால் அது ஏறக்குறைய 32 கிராம் இருந்தது. நகைக்கடைக் கணக்கில் நான்கு சவரன் எடை. (சவரனும் இங்கிலாந்தின் தங்கக் காசு ஒன்றின் பெயர்தான் என்பதை இங்கே சொல்லி வைக்கலாம்.) குல்டினர், குல்டன்குரோஷன் என்று அதை அழைத்தார்கள். யோசனை அருமை, ஆனால் பெரிய அளவில் அடிக்க இன்னும் அதிக வெள்ளி வேண்டியிருந்தது.

அந்த வெள்ளி 1516இல் பொஹீமியாவின் மலைப்பகுதியில் கிடைத்தது. இன்றைய செக் நாட்டின் ஜெர்மனி எல்லையோரம். இடம் ஷ்லிக் பிரபுக்களுக்குச் சொந்தம். வேலை தேடி வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேற, சில ஆண்டுகளில் காடு நகரமானது. கன்னி மரியாளின் தந்தை புனித யோவாக்கிமின் பெயரால் அதற்கு யோவாக்கிம்ஸ்தால் என்று பெயர் வைத்தார்கள். 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. 1520இல் காசு அடிக்கும் உரிமையும் ஷ்லிக் குடும்பத்துக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் புனித யோவாக்கிம், மறுபக்கம் பொஹீமியச் சிங்கம். முறையான பெயர் குல்டன்குரோஷன்தான். ஆனால் லட்சக்கணக்கில் வெளிவந்து ஜெர்மானிய நாடுகளெங்கும் புழங்கியதால் 'யோவாக்கிம்ஸ்தாலர்', அதாவது யோவாக்கிம்ஸ்தால்காரன் என்றே சந்தையில் சொன்னார்கள். அவ்வளவு நீளமான பெயரை எத்தனை தடவை சொல்ல முடியும்? தாலர் என்று சுருங்கியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரஷ்யாவில் நடந்தது. ஜெர்மானியர் பெயரின் வாலை எடுத்துக்கொண்டார்கள். ரஷ்யர் தலையை எடுத்துக்கொண்டார்கள். யோவாக்கிம் என்ற பகுதி ரஷ்ய வாயில் நுழைந்து 'யெஃபிமோக்' ஆனது. ரஷ்யாவில் அப்போது வெள்ளிச் சுரங்கம் இல்லாததால் வெளிநாட்டுத் தாலர்களைத்தான் நம்பியிருந்தார்கள். 1655இல் அவற்றின் மேலேயே ஆண்டையும் குதிரை வீரனையும் முத்திரை குத்திச் சொந்தக் காசாகப் புழங்கவிட்டார்கள். ஒரே காசு, பெயரின் இரண்டு துண்டுகள், இரண்டு நாடுகள்.

தாலர் என்ற துண்டுதான் நெடுந்தூரம் போனது. டென்மார்க், ஸ்வீடனில் டாலெர், ஹாலந்தில் டால்டர், இத்தாலியில் டாலெரோ, ஆங்கிலத்தில் டாலர். ஸ்லோவேனியா 2007இல் யூரோவுக்கு மாறும்வரை டோலார் வைத்திருந்தது. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையில் ரிக்ஸ்டாலர் கணக்கு வழங்கியது. பின்னால் வந்த ஆங்கிலேயரும் சில காலம் அதைத் தொடர்ந்தார்கள். 1821இல் அவர்கள் நான்காம் ஜார்ஜ் தலையுடன் அடித்த வெள்ளி ரிக்ஸ்டாலரின் மறுபக்கத்தில் யானை இருந்தது. யோவாக்கிம்ஸ்தாலின் வெள்ளி சில தலைமுறைகளில் வற்றியது. செக் மொழியில் யாகிமோவ் என்று இன்று அழைக்கப்படும் அந்த ஊரின் பெயர் வேறு காரணத்துக்காக மறுபடி உலகத்துக்குக் கேட்டது: மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தெடுத்தது அங்கிருந்து வந்த தாதுக் கழிவிலிருந்துதான்.

டச்சுக்காரர் 1575 முதல் அடித்த ஒரு தாலரில் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் சிங்கம் உண்டு. அதற்கு லேயுவன்டால்டர், 'சிங்க டாலர்' என்று பெயர். வெள்ளி முக்கால் பங்குதான். உள்நாட்டில் புழங்கிய நல்ல தாலர்களைவிடத் தரம் குறைவு என்பதால், வெளிநாட்டு வியாபாரத்துக்கு அனுப்ப வசதியாக இருந்தது! துருக்கிய சாம்ராஜ்யத்தின் சந்தைகளில் அது நிரம்பியது. ருமேனியரும் பல்கேரியரும் அதைச் சிங்கம் என்றே அழைத்துப் பழகி, 19ஆம் நூற்றாண்டில் சொந்தப் பணம் வெளியிட்டபோது முறையே லெயு, லெவ் என்று பெயர் வைத்தார்கள். இரண்டுக்கும் பொருள் சிங்கம். காசு தேயத் தேயச் சிங்கம் அரபு வணிகர் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. அவர்கள் வைத்த பெயர் 'அபு கல்ப்', நாய்க் காசு.

இதே காலத்தில் இன்னொரு பெரிய காசு கடல்களை ஆண்டது. ஸ்பெயினின் ரியால் என்றால் 'அரசனுடையது'. அரசன் இட்ட பெயர் நிலைத்த அபூர்வக் கதை இது, ஆனால் பாதிதான் நிலைத்தது. எட்டு ரியால் மதிப்புள்ள பெரிய காசு சுமார் 27 கிராம். 1545இல் இன்றைய பொலிவியாவின் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது, மெக்சிகோவிலும் சுரங்கங்கள் திறந்தன. பழங்குடி மக்களைக் கட்டாய வேலையில் இறக்கி வெட்டியெடுத்த அந்த வெள்ளி எட்டு ரியால்களாக உலகம் முழுக்கப் போனது. ஸ்பானியர் அதைப் பெசோ, அதாவது 'எடை' என்றார்கள். ஆங்கிலேயருக்கு அது தாலர் அளவில் இருந்ததால் 'ஸ்பானிய டாலர்'. ஹெர்குலிஸின் இரண்டு தூண்கள் பொறித்த வகையை அரபு நாடுகளில் பீரங்கிக் காசு என்றார்கள். தூண்களைப் பார்த்தால் அவர்களுக்குப் பீரங்கி நினைவுக்கு வந்திருக்கிறது. அமெரிக்கா 1792இல் சொந்த டாலரை வகுத்தபோது, கையில் புழங்கிய தேய்ந்த ஸ்பானியக் காசுகளை எடைபோட்டுத்தான் அளவை முடிவு செய்தது. ஸ்பானியக் காசு அங்கே 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது.

மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலா வழியாக ஏராளமான எட்டு ரியால்கள் சீனா போய்ச் சேர்ந்தன. அங்கே வெள்ளி அதுவரை கட்டியாக, எடைபோட்டுப் புழங்கியது. வட்டமான காசு புதுமை. அதனால் 'யுவான்', வட்டம் என்று பெயர். ஜப்பானின் யென்னும் கொரியாவின் வொன்னும் அதே எழுத்திலிருந்து கிளைத்தவை.

மலாய்க்காரர் கவனித்தது விளிம்பை. வெள்ளிக் காசுக்கு ஒரு நிரந்தர நோய் உண்டு: ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி வெள்ளியைத் திருடிவிட்டு, காசை முழு மதிப்புக்குக் கைமாற்றிவிடுவார்கள். இங்கிலாந்தில் இது முற்றிப்போய், 1696இல் பழைய காசுகளையெல்லாம் திரும்பப் பெற்றுப் புதிதாக அடிக்க வேண்டிவந்தது. ஐசக் நியூட்டன் நாணயசாலைப் பொறுப்புக்கு வந்ததும் அந்த ஆண்டுதான். இயந்திரத்தால் விளிம்பில் பற்களோ வடிவமோ இட்டால், சுரண்டினால் உடனே தெரிந்துவிடும். அப்படி வந்த ஸ்பானியக் காசைப் பார்த்து மலாயில் 'ரிங்கிட்', பல் பல்லாக உள்ளது என்றார்கள். மலேசியப் பணத்தின் பெயர் அதுதான். அங்கே போன தமிழர் விளிம்பையும் பார்க்கவில்லை, வட்டத்தையும் பார்க்கவில்லை. உலோகத்தைப் பார்த்து 'வெள்ளி' என்றார்கள். சிங்கப்பூர்த் தமிழில் டாலருக்கு இன்றும் வெள்ளிதான். நம் ரூபாயும் வெள்ளியைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லான ரூப்யத்திலிருந்து வந்தது என்பதால், அவர்கள் செய்தது புதிதும் அல்ல.

ரஷ்யாவை முழுதாக விட்டுவிட மனமில்லை. நோவ்கொரோத் நகரத்தில் ஏறக்குறைய 200 கிராம் எடையுள்ள வெள்ளிக் கட்டிகள் பணமாக இருந்தன. 'வெட்டு' என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து ரூபிள் வந்தது. ரூபாய்க்கும் அதற்கும் ஒலி ஒற்றுமை மட்டுமே, உறவு இல்லை. 1535இல் வந்த சிறு காசில் குதிரை வீரன் கையில் ஈட்டி இருந்தது. ஈட்டிக்கு அங்கே 'கோபியோ', காசு கோபெக்.

கடைசியாக, வெள்ளிக் காசு சேகரிக்க ஆசைப்படுபவர் எவர் கையிலும் சீக்கிரம் வந்துவிடும் ஒன்று. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் தாலர் 28 கிராம், ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி. யேமன் காப்பிக்கும் எத்தியோப்பியச் சந்தைக்கும் போய், அங்குள்ள மக்கள் அந்த முகத்தையும் உடையின் பதக்கத்து முத்துகளையும் பார்த்துத்தான் காசை ஏற்றார்கள். வேறு முகம் போட்டால் வாங்கமாட்டார்கள். அவர் 1780இல் இறந்த பிறகும் அதே ஆண்டைப் பொறித்தே தொடர்ந்து அடிக்க வேண்டியதாயிற்று. முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்த 1935இல் அச்சுகளை வாங்கி ரோமில் அடித்தார். அப்புறம் லண்டன், பாரிஸ், 1940ஐ ஒட்டி நம் பம்பாய் நாணயசாலைகூட அடித்தது. எத்தியோப்பியர் அதை 'பிர்' என்றார்கள். அம்ஹாரிக் மொழியில் பிர் என்றால் வெள்ளி. இன்று அந்த நாட்டுப் பணத்தின் பெயரே அதுதான். வியன்னா நாணயசாலை இப்போதும் அந்தத் தாலரை அடித்து விற்கிறது, இப்போதும் 1780 என்றே போட்டு. ஆகவே யாராவது அந்த ஆண்டைக் காட்டி '240 வருடப் பழைய காசு' என்று விலை சொன்னால் அவசரப்படாதீர்கள். கழுகின் வால் இறகுகள், பதக்கத்தின் முத்துகள் போன்ற நுணுக்கங்களை வைத்துத்தான் எந்த நாணயசாலையில், எந்தக் காலத்தில் அடித்தது என்று பிரிப்பார்கள். அது தெரியாதவரை, அதில் உள்ள வெள்ளியின் அன்றைய விலைக்குமேல் கொடுக்க வேண்டியதில்லை.